மலையில் வான் வண்டியும் கூடாரமும் கோளாறு காட்டினால்: திருமலையிலிருந்து போகிறவர்களுக்கு அறிகுறி வாரியாக

திருகோணமலையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கமோ நுவரெலியா பக்கமோ படுக்கை போட்ட வானில் போய்த் தங்குகிறவர்களை இப்போது அடிக்கடி காணலாம். பெரும்பாலும் டொயோட்டாவின் பழைய டொல்பின், இல்லாவிட்டால் கேடிஎச். பின் ஆசனங்களைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டிருப்பார்கள். இரண்டாவது பற்றரி ஒன்று, கூரையில் ஒரு சோலார் தகடு. நிலாவெளிக் கடற்கரையில் ஒரு இரவு தங்கிப் பார்த்து எல்லாம் சரி என்றதும் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பிசகு அங்கேதான். 1,000 மீற்றர் ஏறினால் சராசரியாக ஆறரைப் பாகை குளிர் கூடும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. காற்று மெலிது, இரவு குளிர், பாதை ஒன்றில் ஏற்றம் இல்லாவிட்டால் இறக்கம். மலையில் வெளிப்படும் கோளாறுகளில் பல ஊரில் நிற்கும்போதே வானில் இருந்தவைதான். சமதரையும் சூடும் அவற்றைக் காட்டவில்லை, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் அந்த இடத்தில் நின்று செய்ய வேண்டியதை முதலில் சொல்லி, திருமலையில் வைத்துப் பார்க்க வேண்டியதைப் பிறகு சொல்கிறேன்.

ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போகிறது

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வரை ஒன்றும் தெரியாது. மாத்தளை தாண்டி இரத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் ஏறத் தொடங்கும்போதுதான் முள் அசையும். உடனே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து விடுங்கள். உள்ளே வெந்து போவீர்கள், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும். அப்படியும் முள் இறங்காவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். ஆவி வரவில்லை என்றால் எஞ்சினைச் சில நிமிடம் சும்மா ஓட விடலாம், விசிறி வேலை செய்யும். ஆவி வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணமே முகத்தில் அடிக்கும்.

ஊரில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் தகடுகள். கடற்கரை வீதியில் ஓடும் வானில் மணலும் உப்பும் பூச்சியும் சேர்ந்து அந்த மெல்லிய இடைவெளிகளை அடைத்திருக்கும். பின்பக்கம் ரோச் அடித்து முன்பக்கம் நின்று பாருங்கள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத்தான் வருகிறது என்றால் கழுவக் கொடுங்கள்.

இன்னொன்று, தண்ணீர்த் தாங்கியை திருமலையிலேயே நிரப்பிக்கொண்டு போவது. 100 லீற்றர் என்றால் 100 கிலோ, ஒரு பெரிய ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு மலை ஏறுவது மாதிரி. வழிக்குக் குடிக்கக் கொஞ்சம் போதும். மிச்சத்தை மேலே போய் நிரப்பலாம்.

இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது

1,800 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டொல்பின்களில் பெரும்பாலும் டர்போ இல்லாத எஞ்சின்தான், எனவே இழுவை குறைவது இயல்பு. கராஜ் தேடி ஓட வேண்டாம். ஆனால் புகை கறுப்பாகத் தொடர்ந்து வந்தால் ஏயார் பில்டரைக் கழற்றித் தட்டுங்கள். கொட்டுகிற மணலைப் பார்த்தாலே மிச்சம் விளங்கும்.

இறக்கத்தில் கருகல் மணம், பிரேக் மிதி வழமையை விடக் கீழே போகிறது

இவை இரண்டும் ஒரே கோளாறு இல்லை. மணம் மட்டும் என்றால் லைனர் சூடேறியிருக்கிறது. மிதி ஆழமாக இறங்கினால் பிரேக் எண்ணெய் குழாய்க்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிட்டது. இந்தப் பட்டியலில் உயிரை எடுக்கக்கூடியவை மூன்று, அதில் இது ஒன்று.

மணம் வந்த உடனே கியரைக் குறையுங்கள். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குவது என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய கணக்கு, இன்றைக்கும் அதுதான் சரி. ஓட்டோ கியர் என்றால் ஓவர்டிரைவை (O/D) நிறுத்திவிட்டு 2, அல்லது எல். பிரேக்கில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். ஒருமுறை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், வேகம் பிடித்ததும் மறுபடி அழுத்துங்கள். அந்த இடைவெளியில்தான் பிரேக் ஆறும்.

மிதி இறங்கிவிட்டது என்றால் அடுத்தடுத்து விரைவாக மிதியுங்கள், கியரைக் குறைத்துக்கொண்டே கைபிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள், பள்ளப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் ஒதுங்குங்கள். நின்றதும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான ட்ரம்மிலோ டிஸ்க்கிலோ தண்ணீர் ஊற்றவே கூடாது, வளையும் அல்லது வெடிக்கும். அரை மணி நேரமாவது விடுங்கள். ஆறியதும் மிதி பழையபடி இறுகும். அதைப் பார்த்துவிட்டு "சரியாகிட்டுது, வெளிக்கிடுவம்" என்று பழைய வேகத்தில் இறங்கினால் மூன்றாவது வளைவில் திரும்பவும் அதே கதைதான்.

காரணம் எண்ணெயில் இருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 3 என்று எழுதியிருக்கும் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகை. டொட் 4 என்றால் 230, ஈரமேறினால் 155. கடலோர ஊரில் ஈரத்துக்கா குறைச்சல்? ஆனால் நமக்கு நகரத்துக்குள் இருக்கிற பெரிய இறக்கமே உவர்மலை இறக்கம்தான். அங்கே எண்ணெய் ஒருநாளும் கொதிக்காது, கோளாறும் தெரியாது. கண்டி – மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவிலோ, ஹுன்னஸ்கிரியவில் பிரிந்து கோபெட்ஸ் கெப் வழியாக மீமுரேக்கு இறங்கும் ஒடுங்கிய பாதையிலோதான் அது கணக்குத் தீர்க்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை முழுதாக மாற்றுங்கள். சில கராஜ்களில் குறைந்ததற்கு மேலே கொஞ்சம் ஊற்றிவிட்டு மாற்றியாச்சு என்பார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

கூடாரத்தின் முளை பிடிக்கவில்லை, காற்று தூக்குகிறது

மணலுக்கு வாங்கிய நீள முளைகள் மலைத் தரையில் நாலு விரல் போனதும் கல்லில் இடித்து வளையும். இழுப்புக் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டி, அதன் மேல் இன்னொரு கல்லை ஏற்றுங்கள். கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும், வாசல் எதிர்ப்பக்கம்.

நம்மூரில் கச்சான் காற்று அடித்துத் தரை காய்ந்து கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், அதே தென்மேற்குக் காற்றுதான் மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, றிவஸ்டன் கணவாயால் ஆளைத் தள்ளும் வேகத்தில் வருகிறது. இங்கே வெயில் என்பதால் அங்கேயும் வெயில் என்று கணக்குப் போட வேண்டாம். மார்கழி, தையில் வாடைக்காற்று மழை நமக்கும் உண்டு, நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுக்கும் உண்டு.

காற்று மெத்தை நடுச்சாமத்தில் தளர்கிறது, முதுகு குளிர்கிறது

ஓட்டை தேடித் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். மாலை வெயிலில் ஊதிய காற்று இரவில் சுருங்கியிருக்கிறது. படுக்கப் போகும்போது இன்னொருமுறை ஊதினால் சரி. குளிர் வேறு விஷயம். போர்வையை மேலே அடுக்கிப் பயனில்லை, சூடு கீழேதான் போகிறது. மெத்தைக்கு மேலே ஒரு பன்பாய், அதன் மேல் தடித்த போர்வை ஒன்று விரியுங்கள். கடற்கரைக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வாங்கிய காற்று மெத்தை மலைக்குத் தோது இல்லை. பஞ்சு மெத்தையே மேல்.

விடியும்போது உள்ளே எல்லாம் நனைந்திருக்கிறது

ஒழுக்கா, வியர்வையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கூரை முழுக்க, கண்ணாடி முழுக்க ஒரே மாதிரி பூந்துளியாக நிற்கிறது, இரவு மழையும் இல்லை என்றால் அது உங்கள் மூச்சு. நாலு பேர் படுத்தால் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலும் இருந்து ஒரு லீற்றருக்குக் கிட்டவாக ஈரம் வெளியேறும். ஊரில் எல்லாவற்றையும் திறந்து போட்டுப் படுப்பதால் அது தெரிவதில்லை. மலையில் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கி மூடுகிறோம், குளிர்ந்த தகரத்தில் அது தண்ணீராகப் படிகிறது. எதிரெதிராக இரண்டு யன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். ஈர உடுப்பை உள்ளே தொங்கப் போடாதீர்கள். உள்ளே தேநீர் கொதிக்க வைப்பதும் வேண்டாம்.

ஒரு தையலோரம் மட்டும், ஒரு மூலையில் மட்டும் கோடாக இறங்குகிறது என்றால் அது ஒழுக்கு. கூடாரத் துணியின் உட்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிந்தால் பொலியூரித்தேன் பூச்சு செத்துப் போயிற்று. ஈரமும் சூடும் உள்ள அறையில் சுருட்டி வைத்ததால் வருவது, மருந்து இல்லை. அன்றைய இரவுக்கு மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிச் சமாளியுங்கள்.

வானுக்குள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல், அசதி

இதை வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கதவுகளைத் திறவுங்கள். எல்லோரையும் வெளியே இறக்குங்கள், பிள்ளைகளை எழுப்பி இறக்குங்கள். உள்ளே கரி அடுப்போ காஸ் அடுப்போ எரிந்திருந்தால், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், அது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. மணம் இல்லை, நிறம் இல்லை. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். வெளிக்காற்றில் கொஞ்சம் தெளிந்தாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும்.

"உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, படுத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலே தொடங்குவது. இலங்கையின் மிக உயர்ந்த இடமான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான், நீங்கள் படுக்கிற இடம் அதை விடக் கீழே. ஒருவருக்கு மட்டும் தலையிடி, அதுவும் விடியத்தான் என்றால், தலைப்பக்கம் சரிவில் கீழாக இருந்திருக்கலாம். வானைச் சமமாக நிறுத்தினால் போய்விடும்.

அணைத்துவிட்ட சிரட்டைக் கரிச் சட்டியைச் சூட்டுக்காக உள்ளே எடுத்து வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. மேலே சாம்பல் மூடியிருந்தாலும் அது உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

பிரிட்ஜ் இரவில் நின்றுவிடுகிறது, லைட் மங்குகிறது

இரண்டு காரணங்கள், இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, பள்ளத்தாக்கில் வெயில் குறைவு. மலை மறைப்பதால் சூரியன் பிந்தித்தான் தெரியும், பின்னேரம் முந்தியே மறையும், இடையில் மூடுபனி. நிலாவெளியில் காலையிலிருந்து மாலைவரை வெயில் வாங்கிய அதே தகடு இங்கே பாதி தந்தாலே பெரிய விஷயம். சாதாரண ஈய அமிலப் பற்றரியை, எல்லாவற்றையும் நிறுத்தி அரை மணி கழித்து அளந்து பாருங்கள். 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் அன்றிரவு பிரிட்ஜை மறந்துவிடுங்கள். அடிக்கடி அவ்வளவு கீழே இறக்கினால் பற்றரியே போய்விடும். மீனையும் இறைச்சியையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு, மின்சாரத்தை லைட்டுக்கும் போனுக்கும் வையுங்கள்.

இரண்டாவது காரணம் நம் ஊருக்கே உரியது. பற்றரி 12.6 காட்டும், பிரிட்ஜ் மட்டும் "வோல்ட் போதாது" என்று சத்தம் போடும். அப்படியானால் குறை இடையில் எங்கோ. பிரிட்ஜை ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு, பற்றரியிலிருந்து வரும் வயரை வழிநெடுகக் கையால் தொட்டுக்கொண்டே போங்கள். மூட்டு, பியூஸ் தாங்கி, வானின் உடம்பில் முடுக்கிய எர்த் போல்ட், மூன்றையும் விடாமல். ஒரு இடம் மட்டும் சுடும். பெரும்பாலும் அது எர்த் போல்ட்தான், ஆசனத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில். கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி படிந்திருக்கும், அடியில் தகரம் துருப்பிடித்துச் செம்மண் நிறமாக இருக்கும். உப்புக்காற்றின் வேலை. முதலில் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், கடைசியாகத்தான் அதை மாட்ட வேண்டும். உப்புத்தாளால் வெள்ளைத் தகரம் தெரியுமட்டும் தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். பற்றரி முனையில் படிந்ததை, சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றிப் பழைய பல்துலக்கியால் உரசினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். ஓட்டைகளுக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. இந்த வேலையை ஊரிலேயே செய்துவிட்டுப் போனால், புதுப் பற்றரி வாங்கச் சொல்லும் கடைக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்காது.

விடிய எஞ்சின் பிடிக்கவில்லை

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால், குளிரில் டீசல் எஞ்சினுக்குள் சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக்தான் கோளாறு. நாலில் இரண்டு செத்திருந்தாலும் முப்பது பாகைச் சூட்டில் டீசல் எஞ்சின் தட்டியதும் பிடிக்கும். நுவரெலியாவில் தை மாத விடியலில், சில நாள் புல்லில் உறைபனி படிகிற குளிரில், அது பிடிக்காது. சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்திய ஓன் நிலைக்குத் திருப்பி, சுருள் லைட் அணையும்வரை காத்திருங்கள், மறுபடி அணைத்து மறுபடி திருப்புங்கள். இரண்டு மூன்று முறை சூடேற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரு தடவைக்குப் பத்துச் செக்கனுக்கு மேல் சுற்ற வேண்டாம்.

சுற்றவே சோம்பல் என்றால் பற்றரி. இரண்டாவது பற்றரியிலிருந்து ஜம்பர் வயர் போடலாம், இரவு அதைப் பிரிட்ஜ் உறிஞ்சிவிடாமல் இருந்தால்.

இதை விடியற்காலையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு வெளிக்கிட்டு, வழியில் நின்று சாப்பிட்டு வந்தால், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே இருட்டிவிடும். அந்த நேரம் வீதி யானைக்குச் சொந்தம்.

காஸ் இருக்கிறது, சுடர் இல்லை

நீளமான சிறு காஸ் போத்தலில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது ஆவியாகும் எல்லை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட மைனஸ் அரைப் பாகை. பத்துப் பாகைக் குளிரில் அழுத்தம் குறைந்துவிடும், எரிய எரியப் போத்தல் தன்னைத் தானே இன்னும் குளிர்விக்கும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே திரவம் இருக்கும், சுடர் மட்டும் நீலப்பூவாகச் சுருங்கும். போத்தலைக் கழற்றி, கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள், அல்லது போர்வைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். நெருப்பில் காட்ட வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டு 2.3 கிலோ சிலிண்டரில் புரொப்பேனும் கலந்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அதில் பார்க்க வேண்டியது ரெகுலேட்டரின் துருவும் குழாயின் வெடிப்பும்.

சோறு வேகவில்லை

300 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். குமிழி வருவதைப் பார்த்து நேரம் எண்ணினால் சிவப்பரிசி நடுவில் பல்லில் கடிபடும். முன்னேரமே ஊற வையுங்கள், அல்லது பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள். பருப்புக்கும் அதுதான்.

விறகு தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு, 2010 முதல் உலக மரபுரிமையும்கூட. நெருப்பு மூட்ட அனுமதி உள்ள தங்குமிடம் என்றால் ஊரிலிருந்து ஒரு சாக்குச் சிரட்டை போதும், சாம்பலும் குறைவு. காய்ந்த பத்தனைப் புல் அருகே அதுவும் வேண்டாம்.

ஆற்றுச் சத்தம் மாறுகிறது

மேலே மூன்று என்றேனே, மூன்றாவது இது. இலுக்கும்புரவில் தெல்கமு ஓயாவின் ஓரமும், மீமுரேயில் ஹீன் கங்கையின் ஓரமும் படுக்க ஆசை காட்டும் இடங்கள். தெளிந்த தண்ணீர் கலங்குகிறது, இலையும் சுள்ளியும் மிதந்து வருகின்றன, கல்லில் மோதும் சத்தம் தடித்துக் கேட்கிறது, உங்கள் தலைக்கு மேல் மட்டும் வானம் வெளித்திருக்கிறது. மேலே எங்கோ மழை கொட்டியாகிவிட்டது என்று அர்த்தம். கூடாரத்தை மடிக்க நிற்காதீர்கள். ஆட்களோடு மேட்டுக்கு ஏறுங்கள், வான் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். கடலில் அலை வந்து திரும்பும், மலை ஆறு வந்தால் திரும்பாது.

படுக்கும்போதே, நீரோரத்தில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு ரோச் அடித்து இடைக்கிடை பாருங்கள். கல் நனைந்தால் இடம் மாறும் நேரம். ஆற்றிலிருந்து தள்ளி, பழைய வெள்ளம் விட்டுப்போன குப்பை மரக்கிளையில் சிக்கியிருக்கும் உயரத்துக்கும் மேலே படுப்பதுதான் நல்ல வழி. சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று முளைத்த ஊற்று என்று கண்டால் அது மண்சரிவுக்கான அறிகுறி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும், போகுமுன் பாருங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது, எனவே எங்கே தங்குகிறோம் என்பதை வீட்டில் முதலே சொல்லிவிடுங்கள்.

காலில் இரத்தம் நிற்கவில்லை

அட்டை. பிய்த்து இழுக்காமல் நகத்தை வாய்ப்பக்கம் கொடுத்து வழித்துவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை விட்டுப் போயிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை. சவர்க்காரத்தால் கழுவி அழுத்திக் கட்டினால் போதும். மழை நாளில் காற்சட்டையை நீளக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, காலுறையில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டுப் போங்கள்.

ஊருக்கு வந்த பிறகு கூடாரத்தில் புளித்த வாடை

மலையில் காலை ஈரத்தோடு சுருட்டி வந்ததால். வந்த அன்றே, களைப்பாக இருந்தாலும், மொட்டைமாடியில் நிழலாக விரித்துவிடுங்கள். முழு வெயிலில் நாட்கணக்கில் காயவிட்டால் துணி பொடியும். கறுப்புப் புள்ளி பிடித்திருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சவர்க்காரமும், அவ்வளவுதான். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு உரிந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் அதன் சிறு பைக்குள் திணிக்காமல், பழைய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டு, குளியலறைச் சுவரோடு ஒட்டாத அலுமாரியில் வையுங்கள்.